டம்ளர் சத்தம்

டோல்கேட்டிலிருந்து பாரிமுனை வரை
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன்.
முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களைக்
காதால்தான் எனக்குத் தெரியும்.
கம்பியில் காசு ஒருமுறை தட்டினால்
கல்மண்டபத்தில் இறங்க வேண்டும்.
படபடவென்று தட்டினால்
கல்மண்டபம் போய்விட்டது.

அப்படிப்பட்ட நான்
பதினோரு வருஷமாக ஒரு சத்தத்தைத்
தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராத்திரி எட்டரைக்கு வருவாள் அமுலு.
வந்த கையோடு டீ போடுவாள்.
என் முன்னால் வைப்பாள்.
ணங்.
கைலியில் தெறிக்கும்.
குடிக்காமல் எழுந்து போவேன்.
ஒருநாள் பதிலுக்கு நான் தட்டை வைத்தேன்,
இன்னொரு நாள் கதவை.
எங்கள் சண்டைகளில் பாதிக்கு
வாய் தேவைப்பட்டதில்லை.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை
வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
காசிமேட்டில், ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பின்னால்
இறால் உரிக்கிற கொட்டகை.
முப்பது பெண்கள் குந்தியிருந்தார்கள்.
யாரும் நிமிரவில்லை, கிலோவுக்குத்தான் கூலி.
"இடுப்புல கீது, எடுத்துக்கோ" என்றாள்.
முப்பது பேர் நடுவே
பெண்டாட்டி இடுப்பில் சாவி தேடக் கூச்சமாக இருந்தது.
"அப்ப இரு, இந்த டப்பா முடியட்டும்."
சும்மா நிற்பானேன் என்று
நானும் ஐஸுக்குள் கையை விட்டேன்.

முதலில் குளிர்.
அப்புறம் எரிச்சல், மிளகாய் அரைத்த மாதிரி.
அப்புறம் கையே இல்லை.
இறாலின் கொம்பு கட்டைவிரலில் ஏறியதை
ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
ஜூலியட்டக்கா சிரித்தாள்:
"அமுலு, உங்க ஊட்டுக்காரு
ராலை உட்டுட்டு வெரலை உரிக்கிறாரு பாரு."
பத்தோ பன்னிரண்டோ உரித்திருப்பேன்.
அவள் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து
ஆட்டோவில் சாவி போட மூன்று தடவை குத்தினேன்.
எதிர்க்கடையில் டீ வாங்கி
ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.
ணங்.
கடைக்காரப் பையன் திரும்பிப் பார்த்தான்.
"இன்னாண்ணா, யார் மேல கோவம்?"

அன்றைக்கு ராத்திரி
பழைய பனியன் ஒன்றை நாலாய் மடித்து
டம்ளர் வைக்கிற இடத்தில் போட்டேன்.
டீயை நானே வடிகட்டினேன்.
அவள் கைகளை இழுத்து
என் அக்குளில் வைத்துக்கொண்டேன்.
"இன்னாய்யா, ஜுரமா உனக்கு?" என்றாள்.
ஆனாலும் எடுக்கவில்லை.

எனக்கு ஒரே பெருமை.
புரிந்துவிட்டது.
ணங் என்றால் குளிர்.
சவாரிகளிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனேன்.

தை பிறந்து ஒரு ஞாயிறு, கொட்டகைக்கு லீவு.
பனியனைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு
வெறும் தரையில் வைத்தாள்.
ணங்.
நான் போய்ப் போர்வை எடுத்து வந்தேன்.
"கையக் குடு, சூடு பண்றேன்."
போர்வை பறந்து மூலையில் விழுந்தது.
"எங்க அண்ணி ஸ்டான்லில படுத்துக்கினு கீது.
ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு
நாலு நாளா சொல்றேன்.
தெனம் ஆறு வாட்டி அந்தப் பக்கம் போற,
ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

சொல்லியிருந்தாள்தான்.
நாலு நாளும் அவள் பேசும்போது
நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனோம்.
வழியெல்லாம் அவள் பேசவில்லை.
கல்மண்டபம் சிக்னலில்
பின்சீட்டிலிருந்து கம்பியை ஒருமுறை தட்டினாள்.
இறங்குவதற்கில்லை.
பச்சை விழுந்துவிட்டது, போ என்று.

இப்போதெல்லாம் ணங் என்றால் கேட்டுவிடுகிறேன்:
"குளுரா, கோவமா?"
சில நாள் இது, சில நாள் அது.
நேற்று கொஞ்ச நேரம் யோசித்தாள்,
தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"தெர்லயே" என்றாள்.
"நீ குடி, ஆறிடும்."